ஹனிமூன்ல இருக்குற தேன் எது? மீட்டுக்கும் கல்யாணத்துக்கும் உள்ள நிஜமான உறவு

கேள்வி இதான்: "4000 வருஷத்துக்கு முன்னாடி பாபிலோன்ல கல்யாணம் முடிஞ்சா பொண்ணோட அப்பா மாப்பிள்ளைக்கு ஒரு மாசம் முழுக்க மீட், அதாவது தேன்ல செஞ்ச மது, குடுத்துட்டே இருப்பாராம். அதுல இருந்துதான் ஹனிமூன்ங்கிற வார்த்தை வந்துச்சுன்னு வாட்ஸப்ல வந்துச்சு. உண்மையா? மீட்டுக்கும் கல்யாணத்துக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா?"

முதல் கேள்விக்கு இல்லைன்னுதான் சொல்லணும். ரெண்டாவதுக்கு ஆமா, நல்லாவே இருக்கு, ஆனா ஃபார்வர்ட் சொல்ற இடத்துல இல்ல. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், எத்தியோப்பியாவுல காலேஜ்ல பாடம் எடுத்துட்டு நாலு வருஷம் இருந்தேன், அங்க கல்யாண வீட்டுல தேன்மது செய்யுறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

மீட்னா சாராயம் இல்லைங்கிறத முதல்ல சொல்லிடுறேன். காய்ச்சி வடிக்கிறது கிடையாது, கள்ளு மாதிரி புளிக்க வைக்கிறதுதான். தேன் தனியா இருந்தா எத்தனை வருஷம் ஆனாலும் புளிக்காது, ஏன்னா நல்லா முத்துன தேன்ல தண்ணி 17, 18 சதவீதம்தான், மீதி கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரை, அந்த அடர்த்தியில ஈஸ்ட் வேலை செய்ய முடியாது. தண்ணி ஊத்தி நீர்க்கப் பண்ணினா உடனே உயிர் வந்துடும். அதனாலதான் தேனும் தண்ணியும் இருந்த ஊர்ல எல்லாம் மனுஷன் இதக் கண்டுபிடிச்சுட்டான்.

இப்ப பாபிலோனுக்கு வருவோம். அந்த ஊர்க்காரங்களோட குடி பீர். பார்லி பீர். கூலியே பீரா அளந்து குடுத்தாங்க, பீருக்குன்னு நின்காசின்னு ஒரு பெண் தெய்வம் இருந்துச்சு, அவளுக்குப் பாட்டு இருக்கு. பழைய களிமண் எழுத்துப் பலகைகள்ல தேன்னு வர்ற சொல்லு பல இடத்துல பேரீச்சம்பழப் பாகத்தான் குறிக்குது, ஆத்தோரம் பூரா பேரீச்சை மரமா இருக்குற ஊர்ல அதுதான சுலபம். தேனீ வளர்ப்பு பத்தி ஒரு அருமையான சான்று இருக்கு. யூஃப்ரடீஸ் ஆத்தோட நடுப்பகுதியில சுஹுன்னு ஒரு நாடு, அதோட ஆளுநர் ஷமாஷ்-ரேஷ்-உசுர், கி.மு. 8ஆம் நூற்றாண்டு. அவர் ஒரு கல்லுல பெருமையா எழுதி வச்சிருக்கார், என் முன்னோர் யாருமே பாத்திராத தேனீக்கள மலைநாட்டுல இருந்து நான்தான் கொண்டாந்து தோட்டத்துல குடியேத்தினேன், அதுங்க தேனும் மெழுகும் சேக்குதுன்னு. அந்தக் கல்லு பாபிலோன்லதான் கெடச்சது, இப்ப இஸ்தான்புல் மியூசியத்துல இருக்கு. ஃபார்வர்ட் சொல்ற காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சும் அந்தப் பக்கத்துல தேனீ வளக்குறது கல்லுல வெட்டி வைக்கிற அளவுக்குப் புதுசு. அப்படி இருக்கும்போது ஊர்ல இருக்குற ஒவ்வொரு மாமனாரும் மாசக்கணக்குல தேன்மது ஊத்துனாருன்னு எப்படி நம்புறது?

இன்னொண்ணு, பாபிலோன் ராஜா ஹம்முராபியோட சட்டத்துல, அதாவது சுமார் கி.மு. 1750ல, கல்யாணக் கொடுக்கல் வாங்கல் பத்தி விலாவாரியா இருக்கு. மாப்பிள்ளை வீட்டுல இருந்து பொண்ணோட அப்பாவுக்குப் போற பரிசம், அப்பா மகளுக்குக் குடுத்து அனுப்புற சீர், கல்யாணம் நின்னு போனா யார் யாருக்கு எவ்ளோ திருப்பித் தரணும், எல்லாம் இருக்கு. மாசம் பூரா மதுங்கிற கணக்கு அதுல வரல.

சரி, வார்த்தை எங்க இருந்து வந்துச்சு? இங்கிலீஷ்ல ஹனிமூன் முதல்ல எழுத்துல கெடைக்கிறது 1546ல, ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிப் புத்தகத்துல. ஆறு வருஷம் கழிச்சு, 1552ல, ரிச்சர்ட் ஹுலோயட்டுன்னு ஒருத்தர் போட்ட அகராதியில அர்த்தமும் சொல்லிட்டார். புதுசா கல்யாணம் ஆனவங்க ஆரம்பத்துல சண்டையே போடாம ஒருத்தர் மேல ஒருத்தர் அளவு கடந்து பாசமா இருப்பாங்க, அந்தப் பாசம் போகப் போகக் கொறையும்னு தெரியும், அந்தக் காலத்தைத்தான் சாதாரண ஜனங்க ஹனிமூன்னு சொல்றாங்க. இவ்ளோதான். தேன்னா இனிப்பு. நிலான்னா தேயுறது. முழு நிலாவா இருக்கும், அடுத்த நாள்ல இருந்து தேய ஆரம்பிச்சுடும். அந்தச் சொல்லுக்குள்ள வாழ்த்து மட்டும் இல்ல, பெரியவங்களோட ஒரு எச்சரிக்கையும் இருக்கு. குடி பத்தி ஒரு எழுத்து கூட அதுல இல்ல. 1755ல சாமுவேல் ஜான்சன் அகராதி போடும்போதும் கல்யாணத்துக்கு அப்புறம் வர்ற, அன்பும் சந்தோஷமும் மட்டுமே இருக்குற முதல் மாசம்னுதான் சொன்னார். அப்பல்லாம் ஹனிமூன்னா ஊர் சுத்தப் போறது கூட கிடையாது, அது காலம், பயணம்ங்கிற அர்த்தம் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

ஃபிரெஞ்சுல வோல்த்தேர் 1748ல ஸாதிக்னு ஒரு கதை எழுதினார், அதுல கல்யாணத்தோட முதல் மாசம் தேன் நிலா, ரெண்டாவது மாசம் எட்டி மாதிரி கசக்குற ஒரு மூலிகையோட நிலான்னு வருது. அங்கயும் அதே எண்ணம்தான், இனிப்பு, அப்புறம் கசப்பு. டச்சுக்காரங்க இதையே வெள்ளை ரொட்டி வாரங்கள்னு சொல்றாங்க, டேனிஷ்ல கோதுமை ரொட்டி நாட்கள். தினமும் ரைங்கிற தானியத்துல செஞ்ச கறுப்பு ரொட்டி தின்ன ஜனங்களுக்கு வெள்ளை ரொட்டின்னா விசேஷம், கல்யாணம் ஆன புதுசுல அது கெடைக்கும், அப்புறம் பழையபடி கறுப்பு ரொட்டிதான். நம்ம ஊர்ல புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டுல நடக்குற விருந்து எத்தனை நாளைக்குன்னு நமக்குத் தெரியாதா என்ன, அதே சமாச்சாரம்தான். தமிழ்ல தேனிலவுங்கிறது அந்த இங்கிலீஷ் சொல்ல அப்படியே பெயர்த்தது, ரொம்பப் பழசு இல்ல.

மீட் கதை எங்க நுழைஞ்சுச்சுன்னா, 19ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ் புத்தகங்கள்ல. ப்ரூவர்னு ஒருத்தர் தொகுத்த சொற்றொடர் அகராதி அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு இருந்த புத்தகம். அதுல ஹனிமூன்ங்கிற சொல்லுக்குக் கீழ பழைய ஜெர்மானிய இனத்தவங்க கல்யாணத்துக்கு அப்புறம் முப்பது நாள் தேன்மது குடிச்சாங்கன்னும், ஹூணர் ராஜா அட்டிலா தன் கல்யாண விருந்துல தேன்மது அளவில்லாம குடிச்சே செத்தான்னும் போட்டிருக்கு. ரெண்டு கதையும் அடுத்தடுத்த வரியில. அப்ப முப்பது நாளா இருந்தது, ஜெர்மனியா இருந்தது, பின்னாடி சுத்திச் சுத்தி பாபிலோன், மாமனார்னு வளந்துடுச்சு.

அட்டிலா கதையக் கொஞ்சம் நின்னு பாக்கணும், ஏன்னா இதுல மீட்டும் இருக்கு கல்யாணமும் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற நாள்ல. 449ல ப்ரிஸ்கஸ்ங்கிற கிரேக்கர் ஒரு தூதுக் குழுவோட அட்டிலாவப் பாக்கப் போனார். போற வழியில கிராமத்து ஜனங்க ஒயினுக்குப் பதிலா மெடோஸ்னு ஒண்ணு குடுத்தாங்கன்னு எழுதியிருக்கார், இதத்தான் மீட்டுன்னு எடுத்துக்குறோம். 453ல அட்டிலா இல்டிகோன்னு ஒரு பொண்ணக் கல்யாணம் பண்ணான், அன்னைக்கு ராத்திரியே மூக்குல ரத்தம் கொட்டி, அது தொண்டையில இறங்கி மூச்சடைச்சு செத்தான். ப்ரிஸ்கஸ் சொன்னதா அதப் பதிவு பண்ணது ஜோர்டானஸ்ங்கிற வரலாற்று ஆசிரியர், அவர் எழுதியிருக்குறது ஒயினும் தூக்கமும் கனத்து மல்லாந்து படுத்திருந்தான்னுதான். ஒயின்! தேன்மது இல்ல. வழியில கிராமத்துல குடிச்ச மெடோஸ நாலு வருஷம் கழிச்சு நடந்த கல்யாணத்துல கொண்டு போய் ஊத்திட்டாங்க.

இங்கிலாந்துலயே கல்யாணக் குடின்னு எதச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா இன்னும் தெளிவா இருக்கும். பிரைடல்னு ஒரு சொல் இருக்குல்ல, பிரைடல் மேக்கப், பிரைடல் வியர்னு நம்ம ஊர் போர்டுல எல்லாம் பாக்குறோமே, அது பிரைட் கூட ஏல்ங்கிற சொல் சேந்தது. ஏல்னா பார்லியில செய்யுற பீர் வகை. மணமகள் ஏல், அதாவது கல்யாண விருந்து. விருந்துக்கே குடியோட பேரு. 1075ல ரால்ஃப்னு கிழக்கு ஆங்கிலியாவோட பிரபு, எம்மாங்கிற பொண்ணக் கல்யாணம் பண்ணார், அந்த விருந்துல உக்காந்துதான் முதலாம் வில்லியம் ராஜாவக் கவுக்க மூணு பிரபுக்கள் சதி பேசுனாங்க. திட்டம் தோத்துப் போச்சு, அவங்கள்ல வால்தியோஃப்ங்கிற பிரபுவுக்கு 1076ல வின்செஸ்டர்ல தலை போச்சு. ஆங்கிலோ-சாக்ஸன் குறிப்பேட்டுல இத எதுகையோட எழுதி வச்சிருக்காங்க, அந்த மணமகள் ஏல் பல பேருக்கு எமனாச்சுன்னு. ஏலும் எமனும் அவங்க மொழியில எதுகையா வரும். ராஜாவக் கவுக்குற அளவு பெரிய பிரபு வீட்டுக் கல்யாணத்துக்கே பேரு ஏல்தான்.

ஏன் மீட் இல்லைன்னா, விலை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பங்கு தேனுக்கு மூணு பங்கு தண்ணிங்கிறது லேசான மீட், போலந்துல இன்னைக்கும் அந்த வகைக்குத் தனிப் பேரு இருக்கு. புருஷன் பொண்டாட்டி ஆளுக்கு அரை லிட்டர்னு ஒரு மாசம் குடிச்சா 30 லிட்டர். அதுக்கு ஏழரை லிட்டர் தேன் வேணும், லிட்டருக்கு 1.4 கிலோன்னு வச்சா பத்தரை கிலோ. அந்தக் காலத்துல வைக்கோல் கூடையில தேனீ வளத்து, தேன் எடுக்கணும்னா பெரும்பாலும் அந்தக் கூட்டத்தையே கொன்னுதான் எடுத்தாங்க. ஒரு கல்யாணத்துக்காக இருக்குற கூடையக் காலி பண்ண ஒரு விவசாயியால முடியுமா? மெழுகுக்கு சர்ச்சுல எப்பவும் கிராக்கி, தேன் வித்தா காசு. ஊர் ஜனம் ஏல் குடிச்சாங்க, தேன்மது வசதியானவங்க மேசைக்குப் போச்சு.

ஆனா மீட்டும் கல்யாணமும் நிஜமாவே சேந்து வர்ற இடங்கள் உண்டு, அதுல ஒண்ணு நார்ஸ், அதாவது வட ஐரோப்பாவோட பழைய புராணத்துல. ஐஸ்லாந்துல சுமார் 1270ல எழுதுன ஒரு கையெழுத்துப் பிரதியில த்ரிம்ஸ்க்விதான்னு ஒரு பாட்டு. தோர் சாமியோட சுத்தியல த்ரிம்ங்கிற அரக்கன் திருடிட்டான், ஃப்ரேயாங்கிற பெண் தெய்வத்தக் கட்டி வச்சாதான் தருவேன்னான். அவ முடியவே முடியாதுன்னுட்டா. கடைசியில தோருக்கே முக்காடு போட்டு, நகை மாட்டி, இடுப்புல சாவிக்கொத்து தொங்க விட்டு கல்யாணப் பொண்ணா அனுப்புறாங்க, தோரோட கூட்டாளி லோகி தோழி வேஷத்துல கூடப் போறான். விருந்துல பொண்ணு தனியா ஒரு முழு எருது, எட்டு சால்மன் மீன், பொம்பளைங்களுக்குன்னு வச்சிருந்த பலகாரம் மொத்தமும் சாப்பிட்டு மூணு பீப்பாய் மீட் குடிக்கிறா! மாப்பிள்ளை மிரண்டு போய், இப்படிக் குடிக்கிற பொண்ண நான் பாத்ததே இல்லியேங்கிறான், உடனே லோகி, உன்னப் பாக்குற ஆசையில எட்டு ராத்திரியா அவ ஒண்ணுமே சாப்பிடலைன்னு சமாளிக்கிறான். அதே பாட்டுல அரக்கங்களுக்குப் பரிமாறுறது ஏல், தோர் குடிக்கிறது மீட். அந்த மொழியில கல்யாணம் பண்றதையே கல்யாணத்தக் குடிக்கிறதுன்னு சொல்ற வழக்கம் இருந்துச்சு, பந்தியில கூட்டாக் குடிச்சாதான் ஊரறிஞ்ச கல்யாணம்.

ரஷ்யா, உக்ரைன் பக்கம் போனா மீட் இன்னும் சாதாரணம், ஏன்னா தெக்குப் பக்கத்த விட்டா அங்க திராட்சை சரியா வராது, காடு பூரா தேனீ. மரத்துல பொந்து வெட்டி தேனீ குடியேத்துற முறை அந்தப் பக்கம் இன்னும் இருக்கு, போலந்தும் பெலாரஸும் சேந்து கேட்டு 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல அது ஏறுச்சு. அங்க ஒரு பயங்கரமான கதை. 945ல கீவ் அரசன் இகோர்ங்கிறவன டெரெவ்லியர்ங்கிற கூட்டம் கொன்னுடுச்சு. கொன்னுட்டு அவன் பொண்டாட்டி ஓல்காகிட்ட பொண்ணு கேட்டு வர்றாங்க, எங்க அரசன் மால்ங்கிறவனக் கட்டிக்கோன்னு. பொண்ணு கேட்டு வந்த முதல் கூட்டத்த உசுரோட புதைச்சா, ரெண்டாவதா வந்தவங்கள குளியல் வீட்டோட எரிச்சா. அப்புறம் சொல்லி அனுப்புனா, நானே வர்றேன், என் புருஷன் செத்த ஊர்ல நிறைய மீட் செஞ்சு வைங்க, முதல்ல கருமாதி பண்ணி அழுதுக்குறேன்னு. கல்யாணத்துக்கு வர்றதா நம்பி அவங்க செஞ்சு வச்சாங்க, குடிச்சாங்க, போதை ஏறுனதும் ஓல்காவோட ஆளுங்க 5000 பேர வெட்டுனாங்கன்னு அந்த நாட்டோட பழைய வரலாற்றுக் குறிப்பேடு சொல்லுது. எண்ணிக்கைய விடுங்க. பெரிய சடங்குன்னா மீட்தான், ஆள வரவேற்கவும் அதுதான், செத்தவனுக்குப் படைக்கவும் அதுதான், யாருக்கும் சந்தேகமே வராத அளவுக்கு அது வழக்கமா இருந்துச்சுங்கிறதத்தான் நான் பாக்குறேன். ரஷ்யப் பாட்டிமார் கதை முடிக்கிற விதமும் எனக்கு ரொம்ப இஷ்டம். ராஜகுமாரனுக்குக் கல்யாணம் ஆயிடும், உடனே கதை சொல்றவங்க, "நானும் அங்க இருந்தேன், மீட்டும் பீரும் குடிச்சேன், மீசையில வழிஞ்சுச்சு, வாய்க்குள்ள போகல"ன்னு முடிப்பாங்க. நம்ம கத்தரிக்கா காச்சுதாம் கதை முடிஞ்சுதாம் மாதிரி. கல்யாணம்னா மீட் இருக்கும்ங்கிறது குழந்தைக்குக் கூடத் தெரிஞ்ச விஷயமா இருந்தாத்தான இப்படிச் சொல்ல முடியும்.

நம்ம பக்கமும் ஒரு நூல் போகுது. மீட்ங்கிற சொல்லும் வடமொழி மதுங்கிற சொல்லும் ஒரே வேர், ரஷ்யாவுல மியோத், லித்துவேனியாவுல மெதுஸ், எல்லாம் ஒரே குடும்பம். நாம டாஸ்மாக்க நெனச்சு மதுங்கிறோம், அது முதல்ல தேன். கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் குடுக்குற மதுபர்க்கம் அந்த மதுதான், தயிருல தேன் கலந்தது, தேன் இல்லாட்டி நெய்ன்னு ஆசுவலாயன கிருஹ்ய சூத்திரத்துலயே இருக்கு. போதை கிடையாது. தெலுங்குக்காரங்க கல்யாணத்துல கட்டுற கரை போட்ட வெள்ளைத் துணிக்கு அந்தப் பேரே ஒட்டிக்கிட்டு மதுபர்க்கம்னு ஆயிடுச்சு. தேன்ல மது செய்யுறதும் தமிழனுக்குத் தெரியாதது இல்ல. திருமுருகாற்றுப்படையில "நீடமை விளைந்த தேக்கள் தேறல்"னு வருது, நீளமான மூங்கில் குழாய்க்குள்ள முதிர வச்ச தேன் கள்ளு, கானவர்ங்கிற மலை வேடர்கள் அதக் குடிச்சு குரவை ஆடுறாங்க. சுத்தமான மீட். ஆனா அது கல்யாணம் இல்ல. அகநானூறு 86ஆம் பாட்டுல நல்லாவூர் கிழார் ஒரு கல்யாணத்தையே படம் பிடிச்ச மாதிரி சொல்றாரு, உளுந்து போட்ட பொங்கல், பந்தல், புது மணல், விளக்கு, நல்ல நாள் பாத்த நிலா, புள்ளை பெத்த, பளபளன்னு நகை போட்ட பொம்பளைங்க நாலு பேர் நீராட்டுறது. நிலா இருக்கு, அந்தப் பாட்டுல தேறல் இல்ல.

மீட் இல்லாம கல்யாணமே இல்லைங்கிற இடம்னா நான் பாத்த எத்தியோப்பியாதான். அங்க பேரு தேஜ். ஒரு காலத்துல அரசர், பிரபுக்கள் வீட்டுக்குன்னு இருந்த குடி, இப்ப எல்லாருக்கும். என் கூட வேலை பாத்தவர் தங்கச்சி கல்யாணம். பெரியவங்க மூணு பேர் பொண்ணு கேட்டு வந்துட்டுப் போனாங்க, ஷிமாகிலேன்னு சொல்வாங்க, நம்ம ஊர் மாதிரியே. தேதி குறிச்சதும் பொண்ணோட அம்மா முதல்ல போனது தேன் வாங்க. துணிக்கு முன்னாடி, மேளத்துக்கு முன்னாடி. ஏன்னா அங்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க பெரிய நோன்பு 55 நாள்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க, ஜனவரி 19 திம்கத் திருவிழா முடிஞ்சு நோன்பு ஆரம்பிக்கிறதுக்குள்ள முடிச்சாகணும், தேஜ் பக்குவத்துக்கு வர மூணு வாரமாவது வேணும்னு அவங்க கணக்கு.

தேன்னா வடிகட்டுன தேன் இல்ல, மெழுகு, அடை, செத்த தேனீ எல்லாம் கலந்த கட்டியான தேன். பெரிய மண் பானைய கவுத்து வச்சு, மூட்டமா புகை போட்டாங்க, உள்பக்கம் பூரா புகை வாசம் ஏறுற வரைக்கும். அப்புறம் ஒரு பங்கு தேனுக்கு நாலு பங்கு தண்ணி ஊத்தி துணி கட்டி வச்சாங்க. நாலாம் நாள் தெறந்தா மெழுகு மேல மெதக்குது, அதக் கையால வழிச்சு எடுத்துட்டு கேஷோன்னு ஒரு செடியோட குச்சியும் இலையும் கொஞ்சம் அதே தேன்தண்ணியில கொதிக்க வச்சு ஆற விட்டு ஊத்துனாங்க. பீருக்கு ஹாப்ஸ் மாதிரி, கசப்பு குடுக்குறது அதுதான். தினமும் அந்த அம்மா பானையில காது வச்சுக் கேப்பாங்க. என்னையும் வச்சுக் கேக்கச் சொன்னாங்க, உள்ள லேசா மழை பெய்யுற மாதிரி ஒரு சத்தம், அது நின்னாதான் குடிக்கலாம்.

கல்யாணத்தன்னைக்கு வீட்டு முன்னாடி பந்தல், அவங்க தாஸ்னு சொல்றாங்க, வந்த ஜனம் அத்தனைக்கும் தெல்லாங்கிற பீர் குடம் குடமாப் போகுது, தேஜ் மட்டும் ஆள் பாத்து. பெரெலேன்னு கீழ உருண்டையா கழுத்து ஒடுக்கமா ஒரு கண்ணாடிக் குடுவை, அதுலதான் குடிக்கணும். நல்ல மஞ்சள் நிறம், கொஞ்சம் கலங்கல், முதல் வாய் இனிப்பு, தொண்டையில இறங்கும்போது கசப்பு, அதுக்கப்புறம் புகை வாசம். அந்த அம்மா சம்பந்திக்கு ஊத்துறதுக்கு முன்னாடி தன் உள்ளங்கையில கொஞ்சம் விட்டு தானே குடிச்சுக் காட்டிட்டு, அப்புறம் ரெண்டு கையாலயும் குடுவைய நீட்டுனாங்க.